‘பாப்பா இன்னிக்கு ரொம்ப சமத்து!’ - டே கேர் சொல்வதைக் கேட்டு சந்தோஷப்படலாமா?

மாலை 6.30 மணி. ஆபீஸ் முடிந்து அரக்கப்பரக்க டே கேர் வாசலில் வந்து நிற்கும் அம்மாவிடம் ஆயாம்மா சொல்கிறார்: “பாப்பா இன்னிக்கு ரொம்ப சமத்துங்க. ஒரே இடத்துல உக்காந்திருந்தா.” அம்மாவுக்கும் நிம்மதி. சாப்பிட்டாளா, தூங்கினாளா, அழுதாளா... இந்த மூன்று கேள்விகளோடு பேச்சு முடிந்துவிடும். ‘ஓடினாளா?’ என்று மட்டும் யாரும் கேட்பதில்லை.

கேட்க வேண்டிய கேள்வியே அதுதான். உலக சுகாதார நிறுவனம் 2019-ல் வெளியிட்ட வழிகாட்டுதலின்படி, 3, 4 வயதுக் குழந்தைகள் ஒரு நாளில் குறைந்தது 180 நிமிடங்கள் நடப்பது, ஏறுவது, குதிப்பது என ஏதாவது ஓர் அசைவில் இருக்க வேண்டும். அதில் 60 நிமிடமாவது மூச்சு வாங்க ஓடியாட வேண்டும். தள்ளுவண்டியிலோ, பெல்ட் போட்ட நாற்காலியிலோ தொடர்ந்து ஒரு மணி நேரத்துக்கு மேல் உட்கார வைக்கக் கூடாது.

காலை 9 மணிக்கு விட்டுவிட்டு மாலை 6.30-க்குக் கூட்டிவரும் குழந்தைக்கு வீட்டில் மிஞ்சுவது டிராஃபிக், குளியல், சாப்பாடு, தூக்கம். ஆக, டே கேரில் ஓடினால்தான் உண்டு.

குழந்தையின் குணமா, அறையின் குணமா?

‘எங்க பையன் சுபாவமே அமைதிதான்’ என்று சொல்லும் பெற்றோர் உண்டு. இருக்கலாம். ஆனால், அமெரிக்காவின் சவுத் கரோலினாவில் ரஸ்ஸல் பேட் குழுவினர் 9 பிரீ ஸ்கூல்களில் 281 குழந்தைகளுக்கு அசைவை அளக்கும் கருவியை மாட்டிப் பார்த்தார்கள். 2004-ல் வெளியான அந்த ஆய்வு, குழந்தை எந்தப் பள்ளிக்குப் போகிறது என்பதே அதன் ஓட்டத்தைப் பெரிதும் தீர்மானிப்பதாகச் சொன்னது. அடுத்து வந்த ஆய்வுகளும் அதையே காட்டின: திறந்தவெளி, கையில் ஒரு பந்து இருந்தால் குழந்தை ஓடுகிறது, அறைக்குள் பெரும்பாலான நேரம் உட்கார்ந்தே இருக்கிறது.

நம்மூர் டே கேர்களில் பல, அபார்ட்மென்ட்டின் தரைத்தளத்தில் ஒரு வீட்டை வாடகைக்கு எடுத்து நடப்பவை. ஹாலில் பாய், சுவரில் டிவி, டிவியில் ரைம்ஸ். அங்கே குழந்தை எங்கே ஓடும்?

இதில் ஆயாம்மாவை மட்டும் குறை சொல்ல முடியாது. அமெரிக்காவின் சின்சினாட்டியில் டே கேர் ஊழியர்களிடம் ஆய்வாளர்கள் பேசியபோது, விளையாட்டுக்குத் தடையாக அவர்கள் சொன்னவை மூன்று: அடிபட்டுவிடும் என்ற பயம், பணம், ‘என்ன படிச்சா?’ என்று கேட்கும் பெற்றோர். இன்னொரு சுவாரசியமான தகவலும் அங்கே கிடைத்தது. குழந்தைகள் நல்ல டிரெஸ்ஸிலும், ஓட முடியாத செருப்பிலும் வருவதாலேயே வெளியே விட முடியாமல் போகிறதாம். சென்னையோ கோவையோ, இதைப் படிக்கும் ஒரு டே கேர் மேம் தலையாட்டாமல் இருக்க மாட்டார்.

சட்டமும் இந்தப் பக்கம் திரும்பிப் பார்க்கவில்லை. 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனங்களில் குழந்தைகள் காப்பகம் வேண்டும், அம்மா ஒரு நாளில் நான்கு முறை போய்ப் பார்க்கலாம் என்றது 2017-ல் வந்த மகப்பேறு பயன் திருத்தச் சட்டம். பெரிய முன்னேற்றம்தான், சந்தேகமில்லை. ஆனால், அந்தப் பிரிவு பேசியது காப்பகம் இருக்கிறதா என்பதைப் பற்றி. குழந்தை அங்கே என்ன செய்யும் என்பதைப் பற்றி அல்ல.

‘இந்த வெயில்ல எப்படிங்க வெளிய விடுறது?’ நியாயமான கேள்வி. மே மாதம் மதியம் யாரும் விடச் சொல்லவில்லை. காலை 9 மணிக்கு முன், மாலை 5 மணிக்குப் பின் நேரம் இருக்கிறது. மழை நாளில் ஹாலில் இருக்கும் நாற்காலிகளை ஓரமாகத் தள்ளிவிட்டு நாலு பந்து, சில வளையங்கள், தவழ்ந்து போக ஒரு பழைய சேலைக் கூடாரம் போட்டால் போதும். செலவு சில நூறு ரூபாய்.

அட்மிஷனுக்குப் போகும் பெற்றோர் ஏசி இருக்கா, சிசிடிவி இருக்கா, ஆப் இருக்கா என்று கேட்கிறார்கள். சிசிடிவியில் பிள்ளைகள் வரிசையாக உட்கார்ந்திருந்தால் ‘நல்ல டே கேர்’. நாலாபுறமும் ஓடினால் ‘யாருமே கவனிக்கல போல’. முழங்காலில் சின்னச் சிராய்ப்போடு பிள்ளை வந்தால் உடனே போன், வாட்ஸ்அப் குரூப்பில் புகார். மறுநாள் அந்த டே கேரின் ஊஞ்சல், எட்டாத உயரத்தில் சுருட்டிக் கட்டப்பட்டிருக்கும்.