பற்றாக்குறைக் கணக்கை நிறைந்த ஆண்டில் எழுதுங்கள்

காவிரியில் யாருக்கு எவ்வளவு என்பது முடிந்த கணக்கு. ஆற்றின் நீரை 740 டி.எம்.சி. என்று மதிப்பிட்டு நடுவர் மன்றம் 2007-இல் பங்கிட்டது. மாநில எல்லையிலுள்ள அளவீட்டு இடமான பிலிகுண்டுலுவில் தமிழகத்துக்கு வர வேண்டிய 192 டி.எம்.சி.யை உச்ச நீதிமன்றம் 2018-இல் 177.25 ஆகக் குறைத்து இறுதியாக்கியது. ஆனால் இவை இயல்பான ஆண்டுக்கான எண்கள். நீர் குறைந்தால் பங்குகளும் அதே விகிதத்தில் குறைய வேண்டும் என்ற பொதுவிதி இருக்கிறது; எந்தத் தேதியில், எந்தெந்த அணைகளின் இருப்பைப் பார்த்து, எவ்வளவு குறைப்பது என்பதற்குக் கர்நாடகமும் தமிழகமும் ஏற்ற சூத்திரம் இல்லை. 2023-இல் மழை பொய்த்தபோது இதன் விலை தெரிந்தது. விநாடிக்கு 5,000 கன அடி, பிறகு 3,000 கன அடி என்று தவணை தவணையாக உத்தரவுகள் வந்தன. கர்நாடகத்தில் முழு அடைப்பு நடந்தது. தமிழகம் உச்ச நீதிமன்றம் சென்றது. குறுவைப் பயிர் வாய்தாவுக்குக் காத்திருக்காது.

அமெரிக்காவின் கொலராடோ ஆற்றில் 1922 ஒப்பந்தம், ஆற்றில் உள்ளதைவிட அதிக நீரைப் பங்கிட்டுக் கொடுத்தது. அங்கே 2007-இல் ஒரு விதி எழுதினார்கள்: அந்த ஆற்றின் நீர்த்தேக்கமான மீட் ஏரியின் மட்டம் 1,075 அடிக்குக் கீழே போகும் என்று கணிக்கப்பட்டால் எந்த மாநிலத்துக்கு எவ்வளவு வெட்டு என்பது முன்கூட்டியே முடிவானது. 2021 ஆகஸ்டில் முதன்முறையாகப் பற்றாக்குறை அறிவிக்கப்பட்டபோது, அரிசோனா பெரும் வெட்டை ஏற்றது. அந்த வெட்டுகளும் போதாமல், பாசனத்தைக் குறைக்கும் விவசாயிகளுக்கு அரசு பணம் கொடுக்க வேண்டியிருந்தது உண்மைதான். விதி நீரை உண்டாக்காது; யார் எவ்வளவு இழப்பார் என்பதை விதைப்புக்கு முன்பே சொல்லிவிடும்.

காவிரிக்கும் இப்படி ஒரு விதியை எழுதினால் நம் உரிமை தேய்ந்துவிடும் என்ற அச்சம் டெல்டாவில் உண்டு. இன்றைய நிலையில்தான் அது தேய்கிறது: அளவு எழுதப்படாதவரை, அணையைக் கையில் வைத்திருப்பவர் சொல்வதே அளவு. தமிழகத்துக்கு வடகிழக்குப் பருவமழையும் நிலத்தடி நீரும் இருக்கின்றனவே என்பது கர்நாடகத்தின் வாதம். 10 டி.எம்.சி. நிலத்தடி நீரை உச்ச நீதிமன்றமே கணக்கில் எடுத்துவிட்டது. அக்டோபரில் தொடங்கும் மழை, ஜூனில் நட்ட குறுவைக்கு உதவாது. பெங்களூரின் குடிநீருக்கு முதலிடம் தருவதில் எனக்கு மறுப்பில்லை. அதையும் சூத்திரத்தில் எண்ணாக எழுதட்டும். கருகிய பயிருக்கும் கைவிட்ட பருவத்துக்கும் இழப்பீடு யார் தருவது என்பதையும் சேர்க்கட்டும்.

2024 ஜூலை இறுதியில் மேட்டூர் 120 அடியை எட்டியதும் பற்றாக்குறை பற்றிய பேச்சு நின்றுபோனது. அணை நிறைந்திருக்கும்போதுதான் இரு தரப்பும் நிதானமாக உட்கார முடியும். அடுத்து மேட்டூர் நிரம்பும் ஆண்டிலேயே, அணை இருப்பையும் நீர்வரத்தையும் வைத்துப் பற்றாக்குறைப் பங்கீட்டு அட்டவணையைக் காவிரி மேலாண்மை ஆணையம் வெளியிட வேண்டும். தமிழகம் அதை முதலில் கேட்க வேண்டும்.