குட்டி யாருக்கு, பார்ப்பது யார்?

கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமையாகப் படியுங்கள்.

போன வாரம் என்னிடம் பத்தாம் வகுப்பில் அறிவியல் படித்த மாணவி ஒருத்தி போன் செய்தாள். சென்னையில் நாலாவது மாடியில் ஃபிளாட். கணவன், மனைவி இருவருக்கும் வேலை. "டீச்சர், பாப்பாவுக்கு அடுத்த மாசம் பொறந்தநாள். ஜெர்மன் ஷெப்பர்டு குட்டிதான் வேணும்னு அடம் பிடிக்கிறா. உங்க வீட்ல ராணி இருக்கில்ல, எப்படிப் பாத்துக்கணும்னு சொல்லுங்க, எழுதிக்கிறேன்" என்றாள். நோட்டும் பேனாவுமாக உட்கார்ந்திருந்தாள் போலிருக்கிறது. அந்தப் பழக்கம் இன்னும் போகவில்லை.

நான் ஒரே ஒரு கேள்விதான் கேட்டேன். "பகல் பதினொரு மணிக்கு உங்க வீட்ல யார் இருப்பா?"

கொஞ்ச நேரம் சத்தம் இல்லை. "வேலைக்கு வர்ற அக்கா பத்து மணி வரைக்கும் இருப்பாங்க டீச்சர்."

அவளுக்குச் சொல்ல வேண்டியதை எல்லோருக்குமாக இங்கே எழுதுகிறேன். ஏனென்றால் கடந்த இரண்டு வருடத்தில் மூன்று பேர், வளர்ந்த ஷெப்பர்டு நாயை "நீங்க வச்சுக்கிறீங்களா?" என்று என்னிடம் கேட்டுவிட்டார்கள். மூன்றும் யாருடைய பிறந்தநாளுக்கோ வாங்கிய குட்டிகள். என் வீட்டில் வாசல் பெரிசுதான், ஆனால் எனக்கு அறுபத்தைந்து வயது ஆகிறது.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். முதல் ஆறு மாதம் குட்டியோடு வீட்டில் இருக்கப்போவது யார் என்று ஒரு பெயர் சொல்ல முடியாத வீட்டுக்கு ஜெர்மன் ஷெப்பர்டு குட்டி வரக்கூடாது. பணம் இருக்கிறதா, ஏசி இருக்கிறதா என்பதெல்லாம் அப்புறம்.

இதை நான் பெரிய அறிவாளி என்பதால் சொல்லவில்லை. எங்கள் வீட்டுக்கு வந்த முதல் குட்டி பதினோரு நாள்தான் உயிரோடு இருந்தது.

2021 மழைக்காலம். பேரன் பிறந்தநாளுக்கு மகன் ஒரு ஆண் குட்டியை அட்டைப்பெட்டியில் வைத்துக் கொண்டுவந்தான். விற்றவர் 35 நாள் குட்டி என்றாராம். தடுப்பூசி போட்டாச்சா என்று கேட்டதற்கு "எல்லாம் ஆச்சு" என்றாராம், சீட்டு எதுவும் கிடையாது. எட்டு வாரம் ஆகாத குட்டியை விற்கவே கூடாது என்று 2017ஆம் ஆண்டிலேயே மத்திய அரசு விதி கொண்டுவந்திருக்கிறது. எங்களில் ஒருவருக்கும் அது தெரியாது. 30 வருடம் அறிவியல் சொல்லிக்கொடுத்த எனக்கும் தெரியாது.

டைகர் என்று பேர் வைத்தோம். ஒன்பதாம் நாள் சாப்பாட்டை முகர்ந்து பார்த்துவிட்டுப் படுத்துக்கொண்டது. சூடு பிடித்திருக்கும் என்று நான் மோர் கொடுத்தேன். ராத்திரி வாந்தி. விடியும்போது ரத்தமாகப் பேதி. டாக்டர் பார்த்த உடனேயே பார்வோ என்றார். வைரஸை நேராகக் கொல்கிற மாத்திரை எதுவும் கையில் இல்லை, டிரிப் ஏற்றி, வாந்தியை நிறுத்தி, உடம்பு தாக்குப்பிடிக்க உதவலாம், அவ்வளவுதான் என்றார். இரண்டு நாள் ஏற்றினோம். பேரன் அந்தக் காலியான பெட்டியைத் தூக்கிப் போடவே விடவில்லை.

அப்புறம்தான் டாக்டர் விளக்கினார், நான் மாணவி மாதிரி கேட்டுக்கொண்டேன். தாயின் சீம்பாலில் வரும் எதிர்ப்புச் சக்தி குட்டியைச் சில வாரம் காப்பாற்றும். அது உடம்பில் இருக்கும்வரை தடுப்பூசியையும் வேலை செய்ய விடாது. அது எந்த வாரம் தீரும் என்பது குட்டிக்குக் குட்டி மாறும். அதனால்தான் ஆறிலிருந்து எட்டு வாரத்துக்குள் முதல் ஊசி, பிறகு மூன்று, நான்கு வாரத்துக்கு ஒருமுறை, பதினாறு வாரம் ஆகும்வரை திரும்பத் திரும்பப் போடுகிறார்கள். ஒரு ஊசி போட்டாச்சு என்றால் முடிந்தது என்று அர்த்தமில்லை. வெறிநாய்க்கடி ஊசி தனி, அது மூன்று மாதத்தில். குடற்புழு மருந்தும் தனிக் கணக்கு. பார்வோ கிருமி தரையிலும் மண்ணிலும் மாதக்கணக்கில் கிடக்கும், பினாயிலுக்கு அசையாது, பிளீச்சிங் பவுடர் கரைசல் போட்டுத்தான் கழுவ வேண்டும். ஒரு வருடம் போகட்டும் என்றார். போகவிட்டோம்.

ராணி வந்தபோது அதற்கு ஒன்பது வாரம். ஊசிச் சீட்டோடு வந்தாள். மகன் காலையில் வேலைக்குப் போனான், மருமகள் பேங்குக்குப் போனாள், பேரன் ஸ்கூலுக்குப் போனான். ரிட்டயர்டு டீச்சர் வீட்டில் இருந்தாள்.

பழைய வருகைப் பதிவேடு ஒன்று கிடந்தது. அதில் ராணி ஒன்றுக்குப் போகிற நேரத்தைக் குறித்து வைத்தேன். முதல் நாள் பதினாறு முறை. தூங்கி எழுந்ததும், சாப்பிட்டதும், விளையாடி முடித்ததும் தூக்கிக்கொண்டு வாசலுக்கு ஓட வேண்டும். ராத்திரியும் இரண்டு முறை. வெளியே போனால் பாராட்டு, உள்ளே போனால் சத்தம் போடாமல் துடைத்துவிடுவது. மூக்கைப் பிடித்து அதில் தேய்ப்பது, பேப்பரைச் சுருட்டி அடிப்பது எல்லாம் குட்டிக்கு ஒன்றையும் கற்றுக்கொடுக்காது, நம்மைக் கண்டால் ஒளியத்தான் கற்றுக்கொடுக்கும். ஐந்து வாரத்தில் பதிவேட்டை மூடிவிட்டேன். இதை ஆபீசிலிருந்து கேமராவில் பார்த்துக்கொண்டு செய்ய முடியாது.

இன்னொரு சிக்கல் உண்டு. மூன்றாவது வாரத்திலிருந்து ஏறத்தாழ பதினான்காவது வாரம் வரைதான் குட்டி புதிய மனிதர்களையும் சத்தங்களையும் பயமில்லாமல் ஏற்றுக்கொள்ளும். அதே காலத்தில் ஊசி முடிந்திருக்காது, தெருவில் இறக்கிவிட முடியாது. நான் என்ன செய்தேன் என்றால், பழைய சேலையில் ஏணை மாதிரி கட்டி, தோளில் போட்டுக்கொண்டு எங்கள் தெருமுனை வரை போவேன். ஆட்டோ, மணி அடிக்கிற ஐஸ் வண்டி, ஹெல்மெட் போட்டவர், கோயில் மேளம், தாடி வைத்த பாய், யூனிஃபார்ம் போட்ட பிள்ளைகள் எல்லாவற்றையும் காட்டினேன். கோவில்பட்டியே சிரித்தது. இன்று ராணி குக்கர் விசிலுக்கும் தீபாவளி வெடிக்கும் பதறுவதில்லை என்றால் அந்தச் சேலைதான் காரணம்.

எல்லாம் சரியாகச் செய்தேன் என்று நினைக்காதீர்கள். நாலு மாதத்தில் ஒரு காது நின்றது, ஒரு காது தொங்கியது. பார்த்தவர்கள் எல்லாம் "கால்சியம் பத்தலை" என்றார்கள். மருந்துக்கடையில் சிரப் வாங்கி இரண்டு வாரம் ஊற்றினேன். டாக்டர் திட்டினார். பெரிய இன நாய்களின் குட்டிக்கு அளவுக்கு மிஞ்சின கால்சியம் உடம்பில் சேராமல் தடுக்கத் தெரியாதாம். அது எலும்பையும் மூட்டையும் கெடுத்துவிடும். பல் முளைக்கிற காலத்தில் காது ஏறும், இறங்கும். ஆறாம் மாதம் இரண்டும் தானாக நின்றன. இந்த இனத்துக்கு இடுப்பு மூட்டுக் கோளாறு வழிவழியாக வருவது. குட்டியைக் கொழுகொழு என்று வளர்ப்பதும் வழுக்குகிற டைல்ஸில் ஓடவிடுவதும் அதை மோசமாக்கும். எங்கள் வீட்டு மொசைக் தரையில் சாக்கும் பழைய பெட்ஷீட்டும் விரித்தே கிடந்தன. வந்தவர்கள் முகம் சுளித்தார்கள். சுளிக்கட்டும்.

கல்யாணத்துக்கு வந்த சொந்தங்களுக்கு ஒரு விஷயம் நினைவிருக்கும். ராணிக்கு அப்போது ஏழு மாதம். வீடு நிறைய ஆட்கள் என்பதால் பின்கட்டில் சங்கிலியில் கட்டிவிட்டேன். நாலு நாள் என்று நினைத்தது பன்னிரண்டு நாள் ஆனது. அவிழ்த்தபோது அது வேறு நாயாக இருந்தது. நிழல் அசைந்தாலும் குரைத்தது, தன் முன்னங்காலையே நக்கிப் புண்ணாக்கியிருந்தது. பேரனின் கணுக்காலைக் கவ்வியது. என் தப்பு அது. சரிசெய்ய மூன்று மாதம் பிடித்தது.

யோசித்துப் பாருங்கள். 1899இல் ஸ்டெஃபானிட்ஸ் என்ற முன்னாள் குதிரைப்படை அதிகாரி இந்த இனத்தைப் பதிவுசெய்து உருவாக்கியது நாள் முழுக்க ஆட்டு மந்தையைச் சுற்றி ஓடி வேலை செய்வதற்கு. கவ்வுவது அதன் தொழிலோடு வந்தது. வேலை கொடுக்காவிட்டால் அது சோபாவைக் கிழித்து வேலை தேடிக்கொள்ளும். பெண் நாயே முப்பது கிலோ வரை வளரும், ஆண் நாற்பதைத் தொடும். எந்நேரமும் கட்டியே வைத்து நடமாட விடாமல் இருப்பது 1960ஆம் ஆண்டு மிருகவதைத் தடைச் சட்டத்தில் குற்றம். பயிற்சி என்றால் பெரிதாக ஒன்றுமில்லை, தினமும் பத்துப் பத்து நிமிடம், உட்கார், இரு, வா.

வெயிலைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். இரட்டை அடுக்கு முடி. சித்திரையில் மொட்டை அடிக்கலாமா என்று கேட்கிறார்கள். அடிக்காதீர்கள், அந்த முடிதான் அதன் தோலை வெயிலிலிருந்து காக்கிறது. தினமும் சீவுங்கள். புறங்கையைத் தார்ச்சாலையில் வைத்து ஐந்து விநாடி தாங்க முடியாவிட்டால் நாயைக் கூட்டிப் போகாதீர்கள். உண்ணியை விடாதீர்கள், உண்ணிக் காய்ச்சல் நம் பக்கம் நிறைய நாய்களைக் கொல்கிறது. முடி வருடம் முழுக்க உதிரும், சோற்றிலும் கிடக்கும்.

"நீங்க மட்டும் வளர்க்கலாமா டீச்சர்?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. ராணி இல்லாமல் என்னால் இப்போது இருக்க முடியாது. பேரன் பொறுப்பாக இருக்கக் கற்றுக்கொண்டது அவளிடம்தான். ஆனால் இந்த மூன்று வருடமும் யாருடைய கணக்கில் ஓடியது? வாங்கியது மகன், பெயர் வைத்தது பேரன், படம் போட்டது மருமகள். துடைத்தது நான். நம் வீடுகளில் "வீட்டில்தான் ஆள் இருக்கே" என்று சொன்னால் அந்த ஆள் அம்மாவோ, மாமியாரோ, வேலைக்கு வருகிற அக்காவோதான். அந்த ஆளிடம் யாரும் கேட்பதில்லை. எனக்குப் பிடித்துப்போனது, நல்லவேளை. பிடிக்காமல் போயிருந்தால் ராணியும் யாரிடமாவது "வச்சுக்கிறீங்களா" என்று போயிருப்பாள்.

ஆகவே, போன் செய்த என் மாணவிக்கு: பிறந்தநாளுக்குச் சைக்கிள் வாங்கிக்கொடு. அப்படியும் நாய்தான் வேண்டும் என்றால், ஒரு சனி ஞாயிறு பாப்பாவையும் மாப்பிள்ளையையும் கூட்டிக்கொண்டு இங்கே வந்து தங்கு. காலை ஐந்து மணிக்கு மாப்பிள்ளை எழுந்து ராணியை நடத்திக் கூட்டிப் போகட்டும், பாப்பா முடி சீவட்டும், நீ சும்மா உட்கார்ந்திரு. ஞாயிற்றுக்கிழமை ராத்திரி மூன்று பேரும் பேசி முடிவெடுங்கள். வரும்போது பழைய பெட்ஷீட் இருந்தால் எடுத்து வா, இங்கே எல்லாம் கிழிந்துவிட்டது.