வாய் பூட்டிய வாரங்கள்

சில கிழமைகளாக இப்பகுதியில் எம் எழுத்தைக் காணாத அன்பர்கள், நாம் எங்கேனும் யாத்திரை போயிருப்போம் என எண்ணியிருக்கக் கூடும். எங்கும் போகவில்லை. கண்டியிலே, ஹந்தானைச் சாரலிலுள்ள எம் இல்லத்திலேயே இருந்தோம். வாய் மட்டும் பூட்டிக் கிடந்தது. எழுதுவதற்கு வாய் எதற்கு என்று கேட்போருக்கு விடை பின்னால் வரும்.

ஐப்பசி மழை கண்டியை நனைக்கத் தொடங்கினால் படிக்கட்டுகளில் பாசி படர்வது வழக்கம். அன்று மாலை எமது ஒரு கையிலே குடை. மறு கையிலே உயர்தர வகுப்பு மாணவரின் விடைத்தாட் கட்டு. கைகள் இரண்டும் பொறுப்பான பணியில் இருந்தமையால், நிலத்தை முதலில் சந்தித்தது எம் மோவாய். விடைத்தாள்கள் நனையவில்லை என்பதை மாணவர்கள் சற்று ஏமாற்றத்துடன் அறிந்துகொண்டார்கள்.

மோவாயில் அடி விழுந்தால் மோவாய் மட்டும் முறிவதில்லை. கீழ்த்தாடை ஒரு வளைந்த வில். அதன் இரு நுனிகளும் காதுகளின் முன்னே கதவுக் கீல் போலப் பொருந்தியிருக்கின்றன. நடுவில் விழும் அடி அந்நுனிகள் வரை ஓடி, மெலிந்த கழுத்துப் பகுதியை முறித்துவிடும். அது முறியாவிட்டால் அடியின் வேகம் மண்டையோட்டினுள் பாயும் என்றார் வைத்தியர். ஆகவே எமக்கு முறிவு இரண்டு: நடுவில் ஒன்று, இடக்காதின் முன்னே ஒன்று.

கண்டியில் வாழ்வோருக்கு இவ்வகையில் ஒரு நல்லூழ் உண்டு. 1943 இல் கொழும்பிலே தொடங்கிய பல்வைத்தியக் கல்வி 1954 இல் பேராதனைக்கு வந்தது. ஜப்பானிய உதவியோடு எழுந்த பல் வைத்தியசாலைக் கட்டிடம் 1998 முதல் அங்கே இயங்குகிறது. பல் பிடுங்கும் இடம் என்றே பலர் எண்ணியிருக்கும் அங்கேதான் தாடை, முகம் ஆகியவற்றுக்கான சத்திர சிகிச்சையும் நடைபெறுகிறது. மூக்கின் வழியே குழாய் செலுத்தி எம்மை மயக்கி, உதட்டின் உட்புறத்தைக் கீறி, மோவாய் எலும்பைச் சிறு டைட்டேனியம் தகட்டினால் இணைத்தார்கள். வெளியே தழும்பில்லை. காதருகே முறிந்த கீலைத் திறக்காமல், மேற்பல் வரிசையையும் கீழ்ப்பல் வரிசையையும் கம்பியால் ஒன்றோடொன்று பிணைத்து மூன்று கிழமைகள் ஓய்வு கொடுத்தார்கள். பல்லோடு பல் பழையபடி பொருந்தி நின்றால் எலும்பும் தன் இடத்தில் நிற்கும் என்பதே இதன் தத்துவம்.

இது புதிய எண்ணமன்று. முறிவின் இருபுறத்துப் பற்களையும் பொன்கம்பியாலோ நூலாலோ கட்டுமாறு கிரேக்கத்து ஹிப்போக்கிரதீசின் நூல் கூறுகிறது. நம் சுசுருதரும் நழுவிய தாடைச் சந்துக்கு ஒற்றடமிட்டு, இருத்தி, கட்டுக் கட்டச் சொல்கிறார். ஆயினும் இக்கலை வேகமாக வளர்ந்தது முதல் உலகப் போரின் பதுங்குகுழிகளால். தலையை உயர்த்திய வீரரின் முகத்திலே குண்டு பாய்ந்தது. பிரான்சிலே பணியாற்றிய கசஞ்சியன் என்னும் ஆர்மீனியப் பல்வைத்தியரும், இங்கிலாந்திலே கில்லீசும் இத்தகைய முகங்களைத் திருத்தியே புகழ் பெற்றார்கள்.

சரித்திரம் போதும். கண் விழித்ததும் முதலில் வந்தது அச்சம். வாயைத் திறக்க முயன்றோம், திறக்கவில்லை. மூக்கில் உறைந்த குருதி, தொண்டையில் எச்சில். மூச்சு நின்றுவிடும் என்றே தோன்றியது. தாதியார் எம் விரலைப் பிடித்து எம் மூக்கின் முன்னே வைத்தார். வெப்பமான காற்று விரலில் பட்டது. "பார்த்தீங்களா? போகுது, வருது," என்றார். அந்த இரவு முழுவதும் நாம் விரலை மூக்கின் கீழே வைத்துக்கொண்டே கிடந்தோம்.

வீக்கம் முதல் நாளிலன்று, இரண்டாம் மூன்றாம் நாட்களிலே உச்சம் அடையும். இதை முன்னரே அறியாதவர்கள் நிலை மோசமாகிறதென்று கலங்குவர். முதல் இரண்டு நாள் துணி சுற்றிய பனிக்கட்டி, அதன்பின் இளஞ்சூடு. இரண்டு தலையணை வைத்துத் தலையை உயர்த்தியே உறங்க வேண்டும். உதடு வெடிக்கும்; வாசிலீன் தடவுதல் நன்று. ஒவ்வொரு ஆகாரத்தின் பின்னும் இளஞ்சூடான உப்பு நீரால் கொப்பளித்து, குழந்தைகளின் சிறு தூரிகையால் கம்பியின் மேலே துலக்க வேண்டும். இதிலே சோம்பினால் புண் சீழ்ப்பிடிக்கும்.

அடுத்த கட்டிலிலே தோட்டத்து முதியவர் ஒருவர் இருந்தார். கொழுந்து மலையிலே நாற்பது ஆண்டு உழைத்தவர். அத்தனை ஆண்டும் கன்னத்திலே வெற்றிலை பாக்குப் புகையிலையை ஒதுக்கி வைத்தவர். புற்றுநோய்க்காக அவருடைய கீழ்த்தாடையின் ஒரு பகுதியை எடுத்திருந்தார்கள். "நான் வெறும் பாக்குத்தானே போடுகிறேன்" என்று சொல்லிக்கொள்வோர் ஒன்றறிக: பாக்குத் தனித்தே புற்றுநோய் விளைக்கும் பொருள் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வகம் 2004 இல் வெளியிட்ட நூலிலே முடிவு கூறியுள்ளது. அவராலும் பேச முடியாது, எம்மாலும் முடியாது. எமக்காவது குறிப்புப் புத்தகம் இருந்தது. அவருக்கு எழுத்துப் பழக்கமும் குறைவு. கைகளாலேயே பேசினோம். அவருடைய மருமகள் கொண்டுவந்த கஞ்சியை அவர் தலையைச் சாய்த்து, கன்னத்தின் ஓரமாக விட்டு, கழுத்தைத் தடவி விழுங்குவார். நாம் திகைத்துப் பார்ப்பதைக் கண்டு, மெதுவாக, மெதுவாக என்று கையசைத்துக் காட்டுவார். குடிக்கக் கற்றது அவரிடமே.

வீடு வந்தபின் அடுப்படி ஓர் ஆய்வுகூடமாயிற்று. பற்கள் பூட்டியிருந்தாலும் கடைவாய்ப் பல்லுக்குப் பின்னே சிறு வழி உண்டு. சிரிஞ்சின் முனையில் மெல்லிய குழாய் பொருத்திக் கன்னத்தினுள் விட்டால், கஞ்சி அவ்வழியே உள்ளே போகும். எதுவாயினும் பிளெண்டரில் அரைத்து, மெல்லிய துணியால் வடிகட்ட வேண்டும். ஒரு சோற்றுப் பருக்கை போதும், வழியை அடைக்க. பயற்றங்கஞ்சி, குரக்கன் கூழ், பருப்பு இரசம், வல்லாரை இலைக்கஞ்சி, செவ்விளநீர், மோர் என்று எம் மனைவி முறை வைத்துத் தந்தாள். ஒரே வேளையில் நிறையக் குடிக்க இயலாது; ஆகவே நாளுக்கு ஏழு தடவை. அவகாடோவைப் பாலோடு அடித்துக் கொடுத்ததே உடம்பிலே ஒட்டியது. மாமிசம் உண்போர் எலும்பு இரசத்தையும் சேர்த்துக்கொள்ளலாம். கீழுதடு மரத்திருந்தமையால் சூடு தெரியவில்லை. முதல் நாளே சுட்டுக்கொண்டோம். அதன்பின் எல்லாவற்றையும் எம் மகள் தன் மணிக்கட்டிலே ஒரு துளி விட்டுப் பார்த்த பின்னரே எமக்குத் தந்தாள். இத்தனைக்கும் மூன்று கிழமையில் ஐந்து கிலோ குறைந்தோம். கந்தசட்டிக்கு ஆறு நாள் நோன்பிருந்த அயலவர், "உங்களுக்கு இம்முறை சட்டி இருபத்தொரு நாள்" என்றார். சிரிப்பதும் வலித்தது.

கம்பி வெட்டும் குறடு ஒன்று எந்நேரமும் எம் கழுத்திலே நாடாவில் தொங்கியது. வாந்தி வந்து மூச்சடைத்தால் கம்பியை வெட்டுவதற்கு. எக்கம்பிகளை வெட்டுவது என்று வைத்தியசாலையிலேயே மனைவிக்குக் காட்டித் தந்திருந்தார்கள். ஐந்தாம் நாள், வெறும் வயிற்றிலே மருந்தைக் குடித்ததன் பயனாக அந்த வாந்தியும் வந்தது. நாம் எழுந்து ஓட முற்பட்டோம். "குனியுங்கோ! குனியுங்கோ!" என்று எம் மனைவி பிடரியைப் பிடித்து அழுத்தினாள். முகம் கவிழ்ந்ததும், குடித்ததெல்லாம் பல்லிடுக்காலும் மூக்காலும் வெளியேறியது. திரவமே உண்டவரின் வயிற்றிலே திரவமே இருக்கும். குறட்டுக்கு வேலை வரவில்லை. போரிலே தாடை சிதைந்தவரை மல்லாக்கக் கிடத்தியபோது மூச்சடைத்து மாண்டனர். முன்னே குனிந்திருந்தோர் பிழைத்தனர் என்பதைப் பின்னர் படித்தபோது, பிடரியைத் தடவிப் பார்த்துக்கொண்டோம்.

பார்க்க வருவோரைப் பற்றியும் ஒரு வார்த்தை. அவர்கள் பிஸ்கட்டும் திராட்சையும் கொண்டுவருவார்கள். "எப்படி விழுந்தீர்கள்?" என்று நீண்ட விடை வேண்டிய வினாவைக் கேட்பார்கள். பின்னர் தங்கள் மாமனார் எப்படி விழுந்தார் என்பதைத் தாமே சொல்வார்கள். குற்றமில்லை, அன்பினால் வருகிறார்கள்.

இலக்கணம் கற்பிக்கும் எமக்கு வேறொரு பாடமும் கிடைத்தது. அகரம் அங்காத்தலால் பிறக்கிறது. பகரமும் மகரமும் இதழ் இயைந்து பிறக்கின்றன. வகரத்துக்குப் பல்லும் இதழும் சேர வேண்டும். தொல்காப்பியத்துப் பிறப்பியலை இருபது ஆண்டு கரும்பலகையிலே எழுதியுள்ளோம். இப்போது வாய் அங்காவாது, இதழோ மரத்தது. எம் பெயரையே எம்மால் சொல்ல முடியவில்லை. பரீட்சை நெருங்கிய மாணவர்கள் கைத்தொலைபேசியிலே வினாக்களை அனுப்பினார்கள். முதற் கிழமை விடை எழுதினோம். இரண்டாம் கிழமையிலே, எழுத வேண்டிய கைக்கு ஒரு குறையுமில்லாதிருந்தும், எழுதவில்லை. இப்பகுதிக்கும் எழுதவில்லை.

வைத்தியர் வீக்கத்தைச் சொன்னார், வலியைச் சொன்னார், இதைச் சொல்லவில்லை. நோவு குறைந்து, பார்க்க வருவோரும் ஓய்ந்து, பசி மட்டும் மிஞ்சும் அந்த இரண்டாம் கிழமையிலே மனம் கிணற்றில் விழுந்த வாளி போலக் கீழே போகிறது. வீட்டார் இடியப்பம் உண்ணும் மணமே பகையாயிற்று. ஒரு வெள்ளிக்கிழமை, எம் மனைவி பயற்றங்கஞ்சியை நீட்டியபோது, கையால் தட்டிவிட்டோம். பாத்திரம் சுவரிலே மோதி உருண்டது. அவள் ஒன்றும் சொல்லவில்லை. துணி கொண்டுவந்து துடைத்தாள். பாடம் படித்துக்கொண்டிருந்த மகள் தலை நிமிரவில்லை. அந்தக் கஞ்சிக்காக அவள் விடியற்காலை ஐந்து மணிக்கு எழுந்திருந்தாள் என்பது எமக்குத் தெரியும். கன்னத்தோரமாகக் கஞ்சியை விட்டுக் கழுத்தைத் தடவிய முதியவரின் முகம் அப்போதுதான் நினைவுக்கு வந்தது.

மன்னிப்பைக் குறிப்புப் புத்தகத்திலே எழுதி நீட்டினோம். அவள் வாசித்துவிட்டு மூடி வைத்தாள். "எழுதிக் குடுத்தா ஏற்கமாட்டன். வாய் திறந்த பிறகு சொல்லுங்கோ," என்றாள்.

மூன்றாம் கிழமை முடிவிலே பேராதனையில் கம்பியை அகற்றி, இரப்பர் வளையங்களை மாட்டினார்கள். உணவு வேளையில் அவற்றைக் கழற்றலாம். இன்னும் மூன்று கிழமை வரை மெல்லும் பண்டம் கூடாது; குழைத்த சோறும், சொதியிலே ஊறிய இடியப்பமும் போதும். கம்பி போனவுடனே வாய் ஆவென்று திறக்குமென எண்ணியிருந்தோம். ஒரு விரல் நுழையும் அளவே திறந்தது. மூன்று விரல் நுழைய வேண்டும். நாள்தோறும் பயிற்சி செய்யாவிட்டால் கீல் இறுகிவிடும் என்று எச்சரித்தார்கள். வெளியே வாங்கிலே அந்த முதியவர் தம் மருமகளோடு அமர்ந்திருந்தார். எம்மைக் கண்டதும் கை உயர்த்தினார். நாம் ஒரு விரலைக் காட்டினோம். அவர் கண்கள் சுருங்கச் சிரித்து, இரண்டு விரலைக் காட்டினார்.

வீட்டுக்கு வந்ததும், சப்பாத்தைக் கழற்று முன்னரே, மன்னிப்பைச் சொன்னோம். மரத்த உதட்டிலே மகரம் நிற்காமல் வழுக்கியது.

"என்ன சொல்லுறியள்? விளங்கேல்லை. இன்னொருக்கால் சொல்லுங்கோ," என்றாள்.

மூன்று தடவை சொல்ல வைத்தாள்.