படித்துப் பார்த்து "ஒய்" தட்டுங்கள்!

"கம்ப்யூட்டரைத் தொடாதே, கெட்டுப் போகும்!" வீட்டுக்கு வீடு கேட்கும் குரல் இது. இது சரிதானா?

2011-ம் ஆண்டு தமிழக அரசு இலவச மடிக்கணினி கொடுக்கத் தொடங்கியது. வியாசர்பாடிப் பிள்ளைகளும் பெற்றார்கள். அதில் விண்டோசுடன் "பாஸ் லினக்ஸ்" என்பதும் இருந்தது. மத்திய அரசின் சி-டாக் நிறுவனம் உருவாக்கியது அது.

லினக்சில் புது மென்பொருள் வேண்டுமா? கடைக்கு ஓட வேண்டாம். இணையம் இருந்தால் போதும். கறுப்புத் திரையில் "சூடோ ஆப்ட் இன்ஸ்டால்" என்று தட்டி, மென்பொருளின் பெயரைச் சேர்க்க வேண்டும். அதற்குத் துணையானவையும் தாமே வந்துவிடும். காசு கிடையாது!

வேண்டாம் என்றால் "ரிமூவ்". போனாலும் சில குறிப்புகள் தங்கும். அவற்றையும் துடைக்க "பர்ஜ்". வேலையற்றுக் கிடக்கும் துணைகளை அனுப்ப "ஆட்டோரிமூவ்".

இங்கேதான் ஆபத்து! ஒன்றை நீக்கினால், அதை நம்பியிருப்பவையும் சேர்ந்து போகும். அதனால்தான் கணினி முதலில் பட்டியலைக் காட்டுகிறது. "ஒய்" என்றால் சரி; "என்" என்றால் வேண்டாம். படிக்காமல் "ஒய்" தட்டிய ஒருவருக்குத் திரையில் உள்ள படங்கள் எல்லாமே மறைந்து போகலாம்.

பெற்றோர்களே! பிள்ளைகளைத் தடுக்காதீர்கள். சின்ன விளையாட்டு ஒன்றைப் போடட்டும், எடுக்கட்டும். ஆனால் பட்டியலை உரக்கப் படிக்கச் சொல்லுங்கள்.

பத்திரத்தைப் படிக்காமல் கைநாட்டு வைத்து வீடு இழந்தவர்கள் உண்டு. "ஒய்" என்பதும் ஒரு கைநாட்டுதான்!