வேலிக்குள் பூசல்

சட்டம் ஏட்டில் கிடக்கும் எழுத்து. அந்த எழுத்துக்கு உயிரூட்டுகிறவர்கள் அமலாக்க அதிகாரிகள். கடையின் தராசைச் சோதிப்பவர், நெடுஞ்சாலையில் சுமைவண்டியை நிறுத்துபவர், ஆலைக் கழிவு ஆற்றில் கலக்கிறதா என்று பார்ப்பவர், இலஞ்சம் வாங்கிய கையைப் பிடிப்பவர் ஆகிய இவர்கள் அனைவரும் எளிய மக்களைச் சுற்றி அரசு எழுப்பியுள்ள வேலி ஆவர். வேலியே பயிரை மேயும் கொடுமையைப் பற்றி மேடைகள் நிறையப் பேசிவிட்டன. ஆனால், வேலியின் முட்கள் ஒன்றையொன்று குத்திக் கிழித்து, வேலி தானாகவே சரிந்து விழும் அவலத்தைப் பற்றிப் பேசுவோர் மிகச் சிலரே. மேய்கின்ற வேலியைக் கண்டாவது விரட்டலாம்; சரிந்து கிடக்கும் வேலியை யார் கண்டுகொள்கிறார்கள்?

அமலாக்கத் துறை ஒன்றில் அதிகாரிகள் இரண்டு அணியாகப் பிரிந்து நிற்கிறார்கள் என்ற செய்தி வெளிவரும் போதெல்லாம், மேலிடத்திலிருந்து ஒரே பதில் வருகிறது: “அது துறையின் உள்விவகாரம்.” அதனுடன், எந்தக் குடும்பத்தில்தான் சச்சரவு இல்லை என்ற சமாதானமும் சேர்ந்துகொள்கிறது. பிறகு, கடலோர விடுதியொன்றில் ஊக்கமூட்டும் பயிற்சி முகாம் நடத்துகிறார்கள். ஒரே நிறத்தில் சட்டை வழங்கி, கைகோத்து நிற்கச் செய்து, படம் பிடித்து, மனவுறுதி மீண்டுவிட்டதென்று அறிக்கை எழுதிவிடுகிறார்கள்.

இந்தச் சமாதானம் பொய்யானது. குடும்பச் சண்டையில் நட்டப்படுவது அந்தக் குடும்பம். துறைச் சண்டையில் நட்டப்படுவதோ, புகார் மனுவைக் கொடுத்துவிட்டு வாசலில் காத்து நிற்கும் ஏழை. பூசலிடும் அதிகாரிகளுக்கு மாதச் சம்பளம் குறைவதில்லை. அவர்கள் தேடவேண்டிய குற்றவாளிக்கோ அது திருவிழாக் காலம். ஆகவே அமலாக்க அதிகாரிகளின் பூசல் பொதுமக்களின் வழக்கு. அதனைப் பொதுமன்றத்தில் வைத்தே தீர்க்க வேண்டும்.

அண்மைக் காலத்தில் இதற்குப் பெருஞ்சான்றாக அமைந்தது இந்தியாவின் மத்தியப் புலனாய்வுத் துறை. 1963 ஏப்ரல் 1ஆம் நாள் தோன்றிய அத்துறை, மாநிலப் போலீசார் மீது நம்பிக்கை இழந்தோர் இறுதியாகக் கையேந்தும் இடமாக வளர்ந்தது. 2013ஆம் ஆண்டு நிலக்கரிச் சுரங்க வழக்கில் உச்சநீதிமன்றமே அதனைக் கூண்டுக்கிளி என்று கடிந்துகொண்டது. கூண்டிலிருந்த கிளிகளே ஒன்றையொன்று கொத்திக்கொண்ட காட்சியை 2018ஆம் ஆண்டு உலகம் கண்டது.

இயக்குநராக இருந்தவர் ஆலோக் வர்மா. அவருக்கு அடுத்த நிலையில் சிறப்பு இயக்குநராக இருந்தவர் ராகேஷ் அஸ்தானா. 2017 அக்டோபரில் அஸ்தானாவுக்குப் பதவி உயர்வு வழங்கப்பட்டபோதே வர்மா மறுப்புத் தெரிவித்தார். 2018 ஆகஸ்டில் அஸ்தானா தம் மேலதிகாரி மீது அமைச்சரவைச் செயலாளரிடம் புகார் கொடுத்தார். அக்டோபரில் அத்துறை தன் இரண்டாம் நிலைத் தலைவர் மீதே இலஞ்ச வழக்குப் பதிவு செய்தது. தன் துணைக் கண்காணிப்பாளர் ஒருவரைத் தானே கைதும் செய்தது. அக்டோபர் 23ஆம் நாள் நள்ளிரவில் அரசு தலையிட்டது. இருவரையும் கட்டாய விடுப்பில் அனுப்பி, எம். நாகேஸ்வர ராவை இடைக்காலப் பொறுப்பில் அமர்த்தியது. விடிவதற்குள் அதிகாரிகள் பலர் திசைக்கொருவராக மாற்றப்பட்டனர். சிறப்பு இயக்குநர் மீதான வழக்கை விசாரித்து வந்த அதிகாரி, கடல் கடந்து அந்தமானின் போர்ட் பிளேருக்கு அனுப்பப்பட்டார்.

முடிவு என்னவாயிற்று? இயக்குநரை விடுப்பில் அனுப்பியது செல்லாது என்று 2019 சனவரி 8ஆம் நாள் உச்சநீதிமன்றம் கூறியது. இரண்டே நாட்களில் தேர்வுக் குழு கூடி அவரைத் தீயணைப்புத் துறைக்கு மாற்றியது. அவர் பணியிலிருந்தே விலகினார். அவர் ஊழல் செய்ததற்கு ஆதாரம் இல்லை என்று, விசாரணையை மேற்பார்வையிட்ட முன்னாள் நீதிபதி ஏ.கே. பட்நாயக் கூறினார். அஸ்தானா மீதும் ஆதாரம் இல்லை என்று 2020ஆம் ஆண்டு அதே துறை நீதிமன்றத்தில் அறிவித்தது. இருவர் மீதும் ஆதாரம் இல்லை என்றால், நள்ளிரவுப் போர் எதற்காக நடந்தது? அதன் செலவை யார் கொடுத்தார்கள்?

அந்தச் செலவுக் கணக்கில் ஒரு வரி பீகாரின் முசாபர்பூரில் எழுதப்பட்டது. அங்கே சிறுமியர் காப்பகம் ஒன்றில் முப்பதுக்கும் மேற்பட்ட பெண் குழந்தைகள் சீரழிக்கப்பட்ட கொடுமை 2018ஆம் ஆண்டு வெளிவந்தது. அந்த விசாரணையை நடத்தும் ஏ.கே. சர்மா என்ற உயர் அதிகாரியை மாற்றக்கூடாது என்று உச்சநீதிமன்றம் ஆணையிட்டிருந்தது. ஆணையை மீறி அவர் மாற்றப்பட்டார். 2019 பிப்ரவரி 12ஆம் நாள் நாகேஸ்வர ராவை நீதிமன்ற அவமதிப்புக் குற்றவாளி எனக் கூறிய நீதிபதிகள், ஒரு இலட்சம் ரூபாய் அபராதம் விதித்து, நீதிமன்றம் கலையும் வரை ஒரு மூலையில் உட்கார்ந்திருக்குமாறு தண்டித்தனர். உச்சநீதிமன்றம் விழித்திருந்ததால் அந்த வழக்கு பிழைத்தது; 2020 சனவரியில் 19 பேர் குற்றவாளிகள் எனத் தீர்ப்பாயிற்று. ஆனால், உச்சநீதிமன்றத்தின் கண்ணில் படாத வழக்குகள் எத்தனை ஆயிரம்! அவற்றின் அதிகாரிகள் ஓரிரவில் மாற்றப்பட்டால், எந்த நீதிபதி கேட்கப் போகிறார்?

மலேசிய வாசகர் இதனை அயலார் கதையென்று ஒதுக்கிவிட இயலாது. 2015ஆம் ஆண்டை நினைத்துப் பார்த்தால் போதும். 1எம்டிபி விவகாரமும் அதனைச் சார்ந்த எஸ்.ஆர்.சி. நிறுவன விவகாரமும் விசாரிக்கப்பட்டு வந்த வேளை அது. சூலை இறுதியில் சட்டத்துறைத் தலைவர் அப்துல் கனி பட்டாயில் பதவியிலிருந்து விலக்கப்பட்டார். ஊழல் தடுப்பு ஆணையத்தின் அதிகாரிகள் சிலரையே போலீசார் விசாரணைக்கு அழைத்தனர். ஆகஸ்டு 7ஆம் நாள், ஆணையத்தின் சிறப்பு நடவடிக்கைப் பிரிவு இயக்குநர் பஹ்ரி முகமட் சின்னும், வியூகத் தொடர்புப் பிரிவு இயக்குநர் ரொஹைசாட் யாக்கோப்பும் பிரதமர் துறைக்கு மாற்றப்பட்டனர். எதிர்ப்பு எழுந்ததும், மூன்றே நாட்களில் அந்த மாற்றம் கைவிடப்பட்டது. மாற்றுவதற்கு உண்மையான காரணம் இருந்திருந்தால் மூன்று நாட்களில் அது எங்கே போயிற்று? இல்லையென்றால் ஏன் மாற்றினார்கள்? அதே எஸ்.ஆர்.சி. வழக்கில் முன்னாள் பிரதமர் குற்றவாளி என்ற தீர்ப்பு 2020 சூலை 28ஆம் நாள் வந்தது. இடையில் கழிந்தவை ஐந்து ஆண்டுகள்.

இவ்விரு நிகழ்ச்சிகளிலும் ஓர் ஆயுதம் பளிச்சிடுகிறது. அதன் பெயர் இடமாற்றம். அதன் இரட்டைப் பிள்ளை பதவி உயர்வு. பூசலின் வேரைத் தேடுகிறவர்கள் அதிகாரிகளின் குணத்தை ஆராய்ந்து காலங்கழிக்க வேண்டியதில்லை. இவ்விரண்டும் யார் கையில் இருக்கின்றன, எந்த விதிப்படி வழங்கப்படுகின்றன என்று கேட்டாலே போதும்.

எதனால் உயர்வு வருகிறது என்பது அதிகாரிக்குத் தெரிந்திருந்தால், அவர் வேலையைப் பார்ப்பார். தெரியாவிட்டால், பக்கத்து மேசையைப் பார்ப்பார். அங்கே இருப்பவர் யாருடைய ஆள், யாருடன் தேநீர் அருந்துகிறார், யார் வீட்டுத் திருமணத்தில் முன்வரிசையில் இருந்தார் என்று கணக்கெடுப்பார். தனித்து நின்றால் தூக்கி எறியப்படுவோம் என்ற அச்சம் அவரை ஓர் அணிக்குள் தள்ளும். அணி பிறந்ததும் மொட்டைக் கடிதம் பிறக்கும். மொட்டைக் கடிதத்திற்கு அஞ்சும் இளைய அதிகாரி கோப்பில் எதையும் துணிந்து எழுதமாட்டார். “மேலிட உத்தரவுக்குக் காத்திருக்கிறது” என்ற ஒரு வரியே அவருக்குக் கவசம். கோப்பு உறங்கும், சாட்சி மறப்பான், குற்றவாளியோ எந்த அணியின் கதவைத் தட்டினால் திறக்கும் என்பதை நன்றாக அறிந்திருப்பான். நேர்மையான அதிகாரியையும் கோழையாக்கும் வித்தை இதுவே.

வள்ளுவர் தெரிந்து தெளிதல், தெரிந்து வினையாடல் என்று இரண்டு அதிகாரங்களை அடுத்தடுத்து வைத்தார். ஆளை ஆராய்ந்து தேர்வது ஒரு கடமை. தேர்ந்தவனை வினையில் அமர்த்தி ஆளுவது மற்றொரு கடமை. இன்றைய ஆட்சியாளர்கள் முதற்கடமையை வேண்டியவர்–வேண்டாதவர் கணக்காக்கிவிட்டு, இரண்டாம் கடமையைக் கயிறாகத் திரித்து அதிகாரியின் கழுத்தில் மாட்டியிருக்கிறார்கள். மத்தியப் புலனாய்வுத் துறையின் இயக்குநருக்கு இரண்டாண்டு நிலையான பதவிக்காலம் வேண்டும் என்று 1997ஆம் ஆண்டு வினீத் நாராயண் வழக்கில் இந்திய உச்சநீதிமன்றம் விதித்தது. 2021ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தமோ, அந்தக் காலத்தை ஆண்டுக்கு ஆண்டாக ஐந்து ஆண்டு வரை நீட்டிக்க வழி செய்தது. ஒவ்வோர் ஆண்டும் நீட்டிப்புக்குக் காத்திருக்கும் தலைவர் எவ்வளவு நல்லவராயினும், மக்களின் ஐயத்தை எப்படித் துடைப்பார்? மலேசிய ஊழல் தடுப்பு ஆணையத்திலோ, 2016 ஆகஸ்டுக்கும் 2020 மார்ச்சுக்கும் இடையே நான்கு புதிய தலைவர்கள் வந்தமர்ந்தனர். தலைமை நாற்காலி இப்படிச் சுழன்றால், கீழே உள்ளவர்கள் யாரை நம்பி வழக்கு நடத்துவார்கள்?

இங்கே ஒரு மறுப்பு எழக்கூடும். அதிகாரிகளின் மனம் நோகக்கூடாது என்று பார்த்தால் கட்டுப்பாடு என்னாவது, அவர்கள் தனியரசு நடத்தத் தொடங்கிவிடமாட்டார்களா என்று சிலர் கேட்பார்கள். கேள்வி நியாயமானது. மனவுறுதி என்ற சொல்லைக் கேடயமாக்கிக் குற்றத்தை மூடிய வரலாறும் உண்டு. 1974ஆம் ஆண்டு ஹாங்காங்கில் ஊழலுக்கு எதிரான சுயேச்சை ஆணையம் அமைக்கப்பட்டு, போலீஸ் படையின் இலஞ்சக் கும்பல்கள் பிடிபடத் தொடங்கின. 1977 அக்டோபர் 28ஆம் நாள் போலீசார் திரண்டு சென்று ஆணைய அலுவலகத்திற்குள் புகுந்து தாக்கினர். நவம்பர் 5ஆம் நாள் ஆளுநர் மெக்லஹோஸ் பணிந்தார். 1977 சனவரி 1ஆம் நாளுக்கு முற்பட்ட குற்றங்களில் பெரும்பாலானவற்றுக்குப் பகுதி மன்னிப்பு வழங்கினார். இப்படிச் சீராட்டிக் காப்பது மனவுறுதி ஆகாது. செய்த வேலைக்கு நீதியான கூலியும், செய்த தவற்றுக்கு நீதியான விசாரணையும் நிச்சயம் உண்டென்ற நம்பிக்கையே மனவுறுதி. தண்டனை இருக்கட்டும், அது விளக்கொளியில் நடக்கட்டும். நள்ளிரவில் வரும் ஆணை கட்டுப்பாட்டை வளர்ப்பதில்லை. அடுத்த நள்ளிரவு யாருக்கோ என்ற அச்சத்தை மட்டுமே வளர்க்கிறது.

வேறு சிலர், இருவரையும் ஒருங்கே தூக்கியெறிந்தால் பூசல் ஒழியும் என்பர். புகார் கொடுத்தவனையும் புகாருக்கு ஆளானவனையும் ஒரே தராசில் நிறுத்துவது நடுநிலை போலத் தோன்றும். உண்மையில் அது நீதியைக் கைகழுவும் சோம்பல். இருவரில் ஒருவர் உண்மை சொல்லியிருக்கலாம். அதைக் கண்டறியாமல் இருவரையும் தண்டித்தால், இனி உண்மை சொல்ல எவன் வருவான்?

சிங்கப்பூரின் பழைய அனுபவம் இங்கே கருதத்தக்கது. 1951ஆம் ஆண்டு பொங்கோல் கடற்கரையில் ஏறத்தாழ 1,800 பவுண்டு அபின் கொள்ளை போயிற்று. கொள்ளையில் போலீஸ் துப்பறிவாளர்களே கலந்திருந்தனர். அதுவரை ஊழலை விசாரித்து வந்ததும் போலீஸ் படைக்குள் இருந்த ஒரு சிறு கிளைதான். சகாவைச் சகா விசாரிப்பது நடவாத காரியம் என்பதை உணர்ந்து, 1952ஆம் ஆண்டு தனி ஊழல் விசாரணைப் பிரிவை நிறுவினார்கள். பிரதமர் இசைவு மறுத்தாலும், அதிபரின் ஒப்புதலுடன் விசாரணையைத் தொடரலாம் என்று 1991ஆம் ஆண்டு அரசியலமைப்புத் திருத்தம் வழி வகுத்தது. ஒரு கதவு மூடினால் மற்றொரு கதவு உண்டு என்பதைச் சட்டமே எழுதி வைத்தது.

ஆகவே வேண்டியவை தெளிவானவை. அமலாக்கத் துறைத் தலைவருக்கு ஆண்டுதோறும் நீட்டிக்கப்படாத நிலையான பதவிக்காலம் வேண்டும். அவரைத் தேர்வதும் விலக்குவதும் ஒருவர் கையில் இல்லாமல், நாடாளுமன்றத்திற்குப் பதில் சொல்லும் குழுவின் கையில் இருக்க வேண்டும். விசாரணை நடுவே அதிகாரியை மாற்றினால், காரணத்தை எழுத்தில் பதிவு செய்ய வேண்டும். அந்தக் காரணத்தை மேல்முறையீட்டில் எதிர்க்க அவருக்கு உரிமை வேண்டும். அதிகாரிகள் ஒருவர் மீது ஒருவர் கூறும் புகாரைத் துறைக்கு வெளியே உள்ள அமைப்பு, குறித்த காலத்திற்குள் விசாரித்து முடிக்க வேண்டும். மலேசியாவில் 2009ஆம் ஆண்டுச் சட்டத்தால் அமலாக்க நிறுவனங்களின் நேர்மை ஆணையம் பிறந்தது. அத்தகைய அமைப்புக்குப் பரிந்துரைக்கும் உரிமை மட்டும் போதாது. பரிந்துரை ஏன் ஏற்கப்படவில்லை என்று துறைத் தலைவரைக் கேட்டு, பதிலை ஊரறிய வெளியிடும் உரிமையும் வேண்டும். அமைப்பை நிறுவிவிட்டு அதன் கையைக் கட்டி வைப்பது, காவற்காரனை அமர்த்திவிட்டு அவன் தடியைப் பிடுங்கிக்கொள்வதற்கு ஒப்பாகும்.

பணபலமும் அரசியல் செல்வாக்கும் உள்ளவர்களுக்கு அமலாக்கத் துறை பலவீனப்படுவதால் இழப்பில்லை. அவர்கள் வழக்கறிஞர்களை அமர்த்திக்கொள்வார்கள். சம்பள பாக்கிக்காகத் தொழிலாளர் அலுவலகப் படியேறும் துப்புரவுப் பணியாளருக்கும், மாமூல் கேட்டு வருத்தப்படும் சிறுகடைக்காரருக்கும், வீட்டருகே நச்சுக் கழிவு கொட்டப்படுவதைக் கண்டு புகார் எழுதும் குடும்பத் தலைவிக்கும் அந்தத் துறையை விட்டால் வேறு துணையில்லை. அவர்களுடைய மனு எந்த அணியின் மேசையில் விழுகிறது என்பதைப் பொறுத்து நீதி அமையுமானால், அந்த நாட்டில் சட்டம் இருப்பதாகச் சொல்ல முடியாது. அதிகாரிகளின் பூசலை வேடிக்கைச் செய்தியாகப் படித்துவிட்டுத் தாளைத் திருப்பும் பழக்கத்தை மக்கள் கைவிட வேண்டும். ஓர் அதிகாரி விசாரணையின் நடுவே மாற்றப்பட்ட செய்தி வரும் ஒவ்வொரு முறையும், “ஏன் மாற்றினீர்கள்? யார் மாற்றினார்கள்? அவர் கையிலிருந்த வழக்கு இப்போது எங்கே?” என்ற மூன்று கேள்விகளைத் தங்கள் நாடாளுமன்ற உறுப்பினரிடம் கேட்க வேண்டும். பதில் வரும்வரை கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும்.