சான்றிதழ் தருகிறது சட்டம், வேலை தரவில்லை

மக்களவைத் தேர்தலில் 303 இடங்களைப் பெற்று பாஜக மீண்டும் ஆட்சியில் அமர்ந்தபோது, மாற்றுப் பாலினத்தவர் இயக்கங்களில் சோர்வு படர்ந்ததில் வியப்பில்லை. இடதுசாரிகள் ஐந்து பேராகக் குறைந்துவிட்ட அவையில் தங்களுக்காக யார் பேசுவார்கள் என்று அவர்கள் கேட்டனர். அச்சம் பொய்க்கவில்லை. காஷ்மீரின் சிறப்புத் தகுதி பறிக்கப்பட்ட ஆகஸ்ட் 5 அன்றே, கூச்சல் குழப்பத்திற்கிடையில் மாற்றுப் பாலினத்தவர் மசோதா மக்களவையில் குரல் வாக்கெடுப்பில் நிறைவேற்றப்பட்டது. நவம்பர் 26 அன்று மாநிலங்களவையும் ஒப்புதல் அளித்தது. அன்று அரசியல் சாசன தினமாம்! தேர்வுக் குழுவுக்கு அனுப்புக என்று கோரிய தீர்மானம் தோற்கடிக்கப்பட்டது.

ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். 2018 டிசம்பரில் முந்தைய மக்களவை நிறைவேற்றிய வடிவத்தில், மாற்றுப் பாலினத்தவரைப் பிச்சையெடுக்கத் தூண்டுவோருக்குச் சிறை என்ற பிரிவு இருந்தது. ஏட்டில் அது பாதுகாப்பு. நடைமுறையிலோ, வீட்டைவிட்டுத் துரத்தப்பட்டவர்களுக்குச் சோறும் கூரையும் தரும் ஜமாத்துகளின் மூத்தவர்கள் மீது போலீஸ் பாய்வதற்கான வழி. பாலினத்தை ஆராய்ந்து முடிவு செய்ய மாவட்டக் குழு ஒன்றும் இருந்தது. இரண்டையும் எதிர்த்து நாடெங்கும் அவர்கள் வீதிக்கு வந்தார்கள். 303 இடங்களின் பலம் கொண்ட அரசு கொண்டுவந்த புதிய மசோதாவில் அவ்விரண்டும் இல்லை. தேர்தல் தோல்வி போராட்டத்தின் தோல்வியாகிவிடவில்லை என்பதற்கு இதைவிடச் சான்று தேவையில்லை.

எனினும், பிச்சைக்கு மாற்று என்ன என்ற கேள்விக்குச் சட்டத்தில் விடை இல்லை. இவர்களைச் சமூகரீதியாகவும் கல்விரீதியாகவும் பின்தங்கியோராகக் கருதி இடஒதுக்கீடு வழங்குமாறு 2014 ஏப்ரல் 15 அன்று உச்சநீதிமன்றம் கட்டளையிட்டது. 2015இல் மாநிலங்களவை ஏற்ற திருச்சி சிவாவின் தனிநபர் மசோதாவில் இரண்டு சதவீத ஒதுக்கீடு இருந்தது. அரசின் மசோதா இரண்டையும் கைகழுவிவிட்டது. வேலையில் பாகுபாடு கூடாது என்கிறது. காட்டுகிற முதலாளிக்கு என்ன தண்டனை என்று சொல்லவில்லை. டெல்லியிலும் உத்தரப்பிரதேசத்திலும் நடத்தப்பட்டு, தேசிய மனித உரிமை ஆணையத்திடம் 2017இல் அளிக்கப்பட்ட ஆய்வோ, எவ்விதப் பொருளாதார நடவடிக்கையிலும் பங்கேற்கும் உரிமை 92 சதவீதத்தினருக்கு மறுக்கப்படுவதாகக் கூறியது. தன்பாலின ஈர்ப்பாளர்களின் நிலையும் வேறல்ல. 377ஆவது பிரிவின் பிடியிலிருந்து அவர்கள் 2018இல் விடுபட்டனர்; அடையாளம் வெளிப்பட்டதற்காகத் தனியார் முதலாளி வேலையைவிட்டு நீக்கினால், அதைத் தடுக்கும் தனிச் சட்டம் இன்றும் இல்லை.

இடஒதுக்கீட்டை எப்படிக் கோருவது என்பதிலும் தெளிவு வேண்டும். மாற்றுப் பாலினத்தவர் அனைவரையும் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் சேர்த்துவிட்டால், தலித் திருநங்கை தனது பட்டியல் சாதி உரிமையை இழக்க நேரிடும். ஒவ்வொரு பிரிவுக்குள்ளும் உள்ஒதுக்கீடாக அது அமைய வேண்டும்.

அரசு வேலை கிடைத்தால் மட்டும் போதாது என்பதைக் கொச்சி காட்டியது. 2017இல் மெட்ரோ ரயில் தொடங்கியபோது குடும்பஸ்ரீ வழியாக மாற்றுப் பாலினத்தவர் இருபது பேருக்கு மேல் பணியமர்த்தப்பட்டனர். நாடே பாராட்டியது. சில நாட்களிலேயே அவர்களில் பலர் வேலைக்கு வருவதை நிறுத்திவிட்டனர். வேலை பிடிக்காததால் அல்ல. அந்நகரில் அவர்களுக்கு வீடு தர ஆளில்லை. நாள் வாடகைக்கு விடுதியில் தங்கினால் ஊதியம் அதற்கே சரியாகிவிடும்.

இடது ஜனநாயக முன்னணி அப்போது ஆண்ட மாநிலத்தில் இது நடந்தது என்பதை நாம் மறைக்க வேண்டியதில்லை. மோடி அரசின் சட்டத்தை நீதிமன்றத்திலும் தெருவிலும் எதிர்கொள்வது ஒருபுறம் நடக்கட்டும். வீட்டு வேலை, கட்டுமானம், தையல், தெரு வியாபாரம் ஆகியவற்றில் இருக்கும் நமது சங்கங்கள் இவர்களை உறுப்பினர்களாகச் சேர்க்க எந்தச் சட்டத்திற்கும் காத்திருக்க வேண்டியதில்லை. நமது செல்வாக்கில் உள்ள கூட்டுறவுச் சங்கங்கள் அவர்களுக்குக் கடன் தரலாம். தோழர்களில் வீடு வாடகைக்கு விடுபவர்களும் இருக்கிறார்கள். திருநங்கை ஒருவர் நாளை அவர்கள் வாசலில் வந்து கேட்டால் என்ன பதில் கிடைக்கும் என்பதை அடுத்த கிளைக் கூட்டத்திலேயே பேசிவிடலாம்.