ஊதா லைட் வாங்கும் முன் இதைப் படிச்சிடுங்க

1/
"நீலமும் சிவப்பும் கலந்த எல்.இ.டி. லைட்டுக்குக் கீழ முளைகட்டினா பயறில் சத்து இரட்டிப்பாகும்." இப்படிச் சொல்லி லைட் விற்கிறார்கள். உங்க பணமும் உடம்பும் சம்பந்தப்பட்டது என்பதால் கொஞ்சம் நீளமாகவே எழுதுறேன்.

2/
முதல்ல, இது முழுப் பொய் இல்லை. செடிக்கு வெளிச்சத்தின் நிறம் தெரியும். நீலத்தை உணர கிரிப்டோகுரோம், சிவப்பை உணர பைட்டோகுரோம் என்ற புரதங்கள் அதனிடம் இருக்கு. நீல ஒளி பட்டால் பல வகை முளைகளில் ஆந்தோசயனின், பிளேவனாய்டு போன்றவை கூடும். ஆனா எல்லாப் பயிருக்கும் ஒரே மாதிரி கூடாது.

3/
ஏமாத்து வேலை எங்க இருக்கு? சதவீதத்துல.
100 கிராம் பாசிப்பயறு முளையில் வைட்டமின் சி சுமார் 13 மி.கி. அது இரட்டிப்பே ஆனாலும் 26 தான். ஒரு பெண்ணுக்கு ஒரு நாளைக்குத் தேவை 65 மி.கி. 100 கிராம் கொய்யாவில் 200 மி.கி.க்கு மேல் இருக்கு. இப்ப சொல்லுங்க, லைட் வாங்கணுமா, கொய்யா வாங்கணுமா?

4/
"பிராக்கோலி முளையில் பல மடங்கு சத்து" என்பதையும் இதோடு சேர்த்துச் சொல்வாங்க. 1997ல் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் ஆய்வாளர்கள் வெளியிட்டது அது. 3 நாள் முளையில், முதிர்ந்த பிராக்கோலியை விட குளுக்கோராஃபனின் 10 முதல் 100 மடங்கு இருந்தது. ஒப்பிட்டது இளம் முளையையும் முதிர்ந்த காயையும். லைட்டின் நிறத்தை அல்ல!

5/
உண்மையான வேலையைச் செய்வது தண்ணீரும் நேரமும். காய்ந்த பயறில் பெயரளவுக்கே இருக்கும் வைட்டமின் சி, முளைக்கும்போது உருவாகுது. இரும்புச்சத்தை உடம்பில் சேரவிடாத பைட்டிக் அமிலம் குறையுது. நம்ம பாட்டிமார் ஈரத்துணியில் கட்டி வைத்ததிலேயே இதெல்லாம் நடந்தது.

6/
இந்த விளம்பரங்கள் சொல்லாத விஷயம் கிருமி.
2011ல் ஜெர்மனியில் வெந்தய முளையிலிருந்து பரவிய ஈ.கோலை கிருமியால் 3,800 பேருக்கு மேல் பாதிக்கப்பட்டார்கள். 50 பேருக்கு மேல் இறந்தார்கள். முளை வளரத் தேவையான ஈரமும் வெதுவெதுப்பும்தான் கிருமி வளரவும் தேவை. விதையிலேயே கிருமி இருந்தால் வெறும் கழுவலில் முழுசா போகாது. செடி வளர்க்கும் லைட்டை நம்பி பச்சையா சாப்பிடாதீங்க.

7/
கர்ப்பிணிகள், சின்னக் குழந்தைகள், வயதானவர்கள், எதிர்ப்பு சக்தி குறைந்தவர்கள் முளைகட்டிய பயறைப் பச்சையா சாப்பிடவே கூடாது. "இயற்கை உணவு, ஒண்ணும் ஆகாது"ன்னு யார் சொன்னாலும் கேக்காதீங்க.

8/
நல்லா வேகவைங்க. வெந்ததும் வைட்டமின் சி கொஞ்சம் குறையும், பரவாயில்லை. இறக்கிய பிறகு எலுமிச்சம்பழம் பிழியுங்க. இரும்புச்சத்து உடம்பில் சேர அது உதவும்.

9/
2019-21 தேசிய குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 53% பேருக்கு ரத்தசோகை. இந்த நிலையில் சமையலறைக்குக் கலர் லைட் விற்பதை ஆரோக்கிய சேவைன்னு சொல்ல முடியாது, அது வியாபாரம். அந்தக் காசுக்குப் பயறும் கீரையும் கொய்யாவும் முட்டையும் வாங்குங்க. ரத்தசோகை இருந்தா மருத்துவர் தரும் இரும்புச்சத்து மாத்திரையை நிறுத்தாம போடுங்க.

வீட்டில் கர்ப்பிணி இருக்கிற யாருக்காவது இதை அனுப்புங்க.